பெரட்டுக்களத்துப் பெயர்கள்: மலையக மூதாதையரை ஆவணங்களில் தேடுவது எப்படி?

கிளிநொச்சியில் பாரதிபுரம், மலையாளபுரம், தர்மபுரம் பக்கம் வயதானவர்களிடம் சொந்த ஊரைக் கேட்டால், பதில் ஹட்டனில் தொடங்கும், அல்லது நுவரெலியாவில், மஸ்கெலியாவில். 1973, 74 பஞ்சக் காலத்திலும் 1977, 1983 வன்செயல்களின் பின்னரும் மலையகத்தை விட்டு வன்னிக்கு வந்தவர்கள் அவர்கள். பிள்ளைகள் வன்னியில் பிறந்தார்கள். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்தபோது, தோட்டத்திலிருந்து கொண்டுவந்த தகரப் பெட்டியும் அதற்குள் இருந்த பத்திரங்களும் எங்கோ ஒரு பதுங்குகுழியோடு போயின.

வன்னியில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழை நடமாடும் சேவையில் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். அப்பாவினுடையதும் பாட்டனாருடையதும் மலைக்கு அந்தப் பக்கம் கிடக்கின்றன. பிரஜாவுரிமை, சேமலாப நிதி, தமிழக முகாமிலிருந்து திரும்பி வந்தவரின் அடையாள அட்டை என்று எதற்குப் போனாலும் கடைசியில் அந்தப் பழைய தாள்தான் கேட்கப்படுகிறது. அதைத் தேடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டியாக இதை எழுதுகிறேன்.

ஆவணம் எரிந்த நாட்டில் வம்சாவளி தேடுவதில் அயர்லாந்துக்காரர்கள் கைதேர்ந்தவர்கள். 1922 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் தொடக்கத்தில், டப்ளினில் இருந்த பொது ஆவணக் காப்பகம் எரிந்து சாம்பலானது. பல நூற்றாண்டுப் பதிவுகளும் 19ஆம் நூற்றாண்டுக் குடிசன மதிப்பீடுகளில் எஞ்சியிருந்தவற்றின் பெரும்பகுதியும் அதோடு போயின. யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த நமக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. அவர்கள் அடுத்து என்ன செய்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது. தலைமை ஆவணம் இல்லை என்றானதும் பக்க ஆவணங்களுக்குத் திரும்பினார்கள். ஊர்க் கோயிற்பற்றுகளில் பாதிரியார் எழுதி வைத்த ஞானஸ்நானப் பதிவேடுகள் இருந்தன. 1847 முதல் 1864 வரை வரி விதிப்பதற்காக வீடு வீடாக எடுக்கப்பட்ட கிரிஃபித் மதிப்பீடும் இருந்தது. கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 2015இல் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டது. எரிந்தவற்றின் பிரதிகளை உலகெங்கும் தேடித் திரட்டிய மின் காப்பகம் ஒன்று 2022இல் தொடங்கப்பட்டது.

நமது மூதாதையரை எண்ணியவர் பாதிரியாரோ வரி அதிகாரியோ அல்லர். சம்பளத்துக்காகத் தோட்டத்துரையின் கிளாக்கர் எண்ணினார். பிற்பாடு, நாடற்றவராக்குவதற்காக அரசாங்கம் எண்ணியது. தேட வேண்டிய தாள்களும் பெரும்பாலும் அந்த இரண்டு இடங்களில்தான் இருக்கின்றன.

மொரிஷியஸ், நேட்டால் போன்ற இடங்களுக்குப் போனவர்களின் வாரிசுகளைப் பார்த்துப் பலரும் ஏங்குவதுண்டு. அங்கே ஒப்பந்தக் கூலி முறை இருந்தது. ஆளுக்கொரு இலக்கம், தகப்பன் பெயர், கிராமம், சாதி, கப்பலின் பெயர் என்று எல்லாம் எழுதப்பட்டன. மொரிஷியஸில் மகாத்மா காந்தி நிறுவகத்தின் காப்பகத்தில் அந்தப் பதிவேடுகள் பேணப்படுகின்றன. இலங்கைக்கு வந்தவர்கள் அப்படி வரவில்லை. 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கிய காலத்திலிருந்து கங்காணி தன் ஊரிலும் உறவிலும் ஆள் திரட்டி, முன்பணம் கொடுத்து, படகில் ஏற்றி, மன்னார்ப் பக்கம் இறக்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடத்திக் கொண்டுவந்தார். வழியில் இறந்தவர்களுக்குப் பதிவு ஏது? ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கடன் தொகையை எழுதிக் கொடுத்த 'துண்டு' ஒன்றுதான் பல தொழிலாளருக்குக் கிடைத்த எழுத்து ஆவணம். அதுவும் அவரது கடனைத்தான் சொன்னது, ஊரைச் சொல்லவில்லை. துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நிலைமை சற்று மாறியது. துரைமார் சங்கங்களின் இலங்கைத் தொழில் ஆணையகம் 1904இல் திருச்சிராப்பள்ளியில் தலைமையகம் அமைத்தது. வருகிறவரின் கழுத்தில் தகர வில்லை தொங்கியது. மாவட்டத்துக்கு ஓர் எழுத்தும், தோட்டத்துக்கு ஓர் எண்ணும், ஆளுக்கு ஓர் எண்ணும் அதில் பொறிக்கப்பட்டிருந்தன. மண்டபம் முகாமில் தடுத்து வைத்து, அம்மை குத்தி அனுப்பினார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு வில்லை இன்னும் இருக்கிறதென்றால், அது எந்தத் தாளையும்விடப் பெறுமதியானது. துடைத்துப் பளபளப்பாக்காமல் அப்படியே படமெடுத்து வையுங்கள்.

தேடலைக் காரியாலயத்தில் தொடங்காதீர்கள். வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் தொடங்குங்கள். ஆண்கள் தோட்டத்தின் பெயரைச் சொல்வார்கள். எந்த டிவிஷன், எந்த லயத்தில் எத்தனையாவது காம்பரா, பக்கத்துக் காம்பராவில் இருந்தது யார், எந்தக் கங்காணியின் ஆட்கள், எந்த வருடம் எந்தப் பிள்ளை பிறந்தது என்பதெல்லாம் பெண்களுக்குத்தான் நினைவிருக்கும். குலதெய்வத்தின் பெயரைக் கட்டாயம் கேளுங்கள். மாரியம்மன், முனியாண்டி என்று பொதுவாகச் சொன்னால் அதோடு விடாமல், எந்த ஊர் முனியாண்டி, கோயிலுக்குப் பக்கத்தில் ஆறா, கண்மாயா, கூட யார் யார் பங்காளிகள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர் மறந்துபோன குடும்பத்திலும் சாமியின் பெயர் மறந்துபோவதில்லை.

தோட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. துரை வைத்த ஸ்கொட்லாந்துப் பெயர் ஒன்று, சனங்கள் வைத்த பெயர் ஒன்று. டல்ஹவுசி என்று காகிதத்தில் இருப்பது தமிழர் வாயில் நல்லதண்ணி. பாட்டி சொல்லும் பெயரை வைத்துக் காரியாலயத்தில் தேடினால் அப்படி ஒரு தோட்டமே இல்லை என்பார்கள். தோட்டங்களையும் அவற்றின் உரிமையாளர், துரைமார் பெயர்களையும் பட்டியலிட்ட பழைய பேர்குசன் டிரெக்டரிகள் கொழும்பில் தேசிய சுவடிகள் கூடத்தில் பார்க்கக் கிடைக்கும். பெயர் மாறிய, வேறு தோட்டத்தோடு இணைக்கப்பட்ட, துண்டாடப்பட்ட தோட்டங்களை அடையாளம் காண அவை உதவும். சில தோட்டங்கள் தண்ணீருக்கு அடியிலும் இருக்கின்றன. 1960களில் காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரமும் தேயிலை மலைகளும் மூழ்கின. காசல்ரீ என்பதே அயர்லாந்துப் பெயர் என்பது வேறு கதை.

தோட்டக் காரியாலயத்தில் கேட்க வேண்டியது செக்ரோல். காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு, நாளுக்கு நாள் குறித்து, மாத முடிவில் சம்பளம் கணக்குப் பார்த்த புத்தகம் அது. ஒருவர் எந்த ஆண்டு பேர்ப்பதிந்தார், எந்த ஆண்டு பேர் வெட்டப்பட்டது என்பதை அது காட்டும். ஆனால் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் கம்பனிகளிடமிருந்து அரசுக்குப் போய், 1992இல் மறுபடி தனியார் முகாமைக்கு வந்ததில், ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய புத்தகங்கள் குப்பைக்குப் போன தோட்டங்கள் உண்டு. கறையானும் மழையும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன. செக்ரோல் இல்லை என்றால் ஊழியர் சேமலாப நிதிப் பதிவைக் கேளுங்கள். அந்தச் சட்டம் 1958இல் வந்தது, அதற்குப் பிறகு வேலை செய்தவரின் அங்கத்துவ இலக்கம் தோட்டத்தில் இல்லாவிட்டாலும் வேறு இடத்தில் இருக்கும். பிறந்த திகதி, பின்னுரித்தாளர் பெயர் போன்ற விபரங்களும் அதோடு சேர்ந்தே இருக்கும்.

அடுத்தது பிறப்புப் பதிவு. இலங்கையில் குடிசார் பதிவு 1867இல் தொடங்கியது. தோட்டங்களில் நிகழும் பிறப்பு, இறப்புகளைத் துரை அறிவிப்பதற்குத் தனி ஏற்பாடு இருந்தது. துரை அறிவிக்க மறந்த பிள்ளைகள் ஏராளம். பதிவு இலக்கமும் திகதியும் தெரியாவிட்டால், தோட்டம் அமைந்துள்ள பிரிவின் பிரதேச செயலகத்தில் உத்தேச ஆண்டைக் கொடுத்துத் தேடச் சொல்லி விண்ணப்பிக்கலாம். அகப்படாவிட்டால் காலங்கடந்த பதிவு, அதுவும் முடியாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழ்.

தேடும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடச் சொல்லாதீர்கள். ஆங்கிலம் எழுதிய கிளாக்கரின் கையில் கறுப்பன் 'கார்ப்பன்' ஆனார், ராமன் 'ராமென்' ஆனார். பிறகு சிங்களத்தில் எழுதியபோது இன்னொரு உருவம். தகப்பன் பெயரும் மகன் பெயரும் இடம் மாறிக் கிடப்பதும் சாதாரணம். பேரனுக்குப் பாட்டன் பெயரை வைக்கும் வழக்கம் வேறு. ஒரே தோட்டத்தில் இரண்டு தலைமுறையில் இரண்டு ராமசாமி இருப்பார்கள். மனைவியின் பெயரை வைத்துத்தான் அவர்களைப் பிரித்தறிய முடியும்.

கிடைத்த பிறப்புச் சான்றிதழை முழுவதும் வாசியுங்கள். பாட்டன் இலங்கையில் பிறந்தவராயின் அவரது பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்று ஒரு கூடு இருக்கும். தகப்பன் இலங்கையில் பிறக்காதிருந்தால் பூட்டனைப் பற்றி இன்னொரு கூடு. அந்தக் கூடுகளைப் புரிந்துகொள்ள 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பார்க்க வேண்டும். தகப்பனோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்தவர்கள் என்று நிரூபித்தால்தான் வம்சாவளிப் பிரஜை என்றது அந்தச் சட்டம். பதிவேட்டில் ஏற்றப்படாத சனத்திடம் பதிவைக் கேட்டார்கள்.

மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் இன்னொரு கதவைக் காட்டியது. 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் தொடர்ச்சியாக இலங்கையில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். 1951 ஓகஸ்ட் 5 முடிவுத் திகதி. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காகக் கொடுக்கப்பட்டன. கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு. ஊருக்குப் போய் நீண்டநாள் தங்கிவிட்டு வந்ததுகூட வதிவிடம் அறுந்ததாகக் கணக்கிடப்பட்டது.

ஆனால் வம்சாவளி தேடுகிறவருக்கு அந்த விண்ணப்பங்களைவிடச் செழிப்பான ஆவணம் வேறில்லை. மனைவி, பிள்ளைகளின் பெயர்கள், வேலை செய்த தோட்டங்கள், சத்தியக்கடதாசிகள் எல்லாம் ஒரே கோப்பில் சேர்ந்தன. நிராகரிக்கப்பட்டவரின் கோப்பிலும் அதே விபரங்கள்தான். வீட்டில் பழைய விண்ணப்ப இலக்கமோ, நிராகரிப்புக் கடிதமோ, பதிவுச் சான்றிதழோ இருந்தால் அந்த இலக்கத்தை வைத்துக் குடிவரவு, குடியகல்வுத் திணைக்களத்தில் எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால் 14 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு முடிவை அவர்கள் சொல்லியாக வேண்டும்.

1964 ஒக்டோபர் 30இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இதே மக்களை மறுபடி எண்ணியது. 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிஞ்சிய 150,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதி. இந்தியாவுக்குப் போன உறவினர் நீலகிரியிலோ கொடைக்கானல் மலையிலோ இருந்தால், அவர்களிடம் அந்தக் காலக் குடும்ப அட்டையும் இந்தியக் கடவுச்சீட்டும் இருக்கக்கூடும். கூடப் பிறந்த ஒருவர் போய் இன்னொருவர் தங்கிய குடும்பங்களில், போனவரின் காகிதம் தங்கியவரின் தகப்பனுக்கும் சாட்சி.

அந்தத் திகதிக்கு இன்றும் சட்ட வலு உண்டு. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி, 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்களது வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜாவுரிமைக்கு உரியவர்கள். போரினால் இந்தியாவுக்கு அகதியாகப் போனவர்களை, 'இங்கே வசிக்கவில்லை' என்று தள்ளிவிடாதபடி 2009இல் திருத்தம் வந்தது. தமிழக முகாம்களில் உள்ள மலையக வம்சாவளியினர் இந்தியப் பிரஜாவுரிமை கேட்டுத் தொடுத்த வழக்கில், அவர்களது விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும்படி 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பணித்தது. எந்தக் கரையில் உரிமை கேட்டாலும் பாட்டனாரின் தாள் வேண்டும்.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கூடுதலாக ஒரு வழி இருக்கிறது. அங்கிலிக்கன் திருச்சபையின் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தோட்டங்களில் வேலையைத் தொடங்கியது. கத்தோலிக்கருக்குக் கண்டி மறைமாவட்டத்தின் பங்குகள் இருக்கின்றன. ஞானஸ்நான, விவாகப் பதிவேடுகள் அந்தந்தப் பங்கில் கேட்டால் பார்க்கக் கிடைக்கும். ஞானப்பெற்றோரின் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர்கள். டிக்கோயாவில் வோர்லி தேவாலயத்துக்குப் போகிறவர்கள் துரைமாரின் கல்லறைகளில் பெயர், ஊர், ஆண்டு எல்லாம் வாசிக்கலாம். தேயிலைக்கு நடுவே புதைக்கப்பட்டவர்களுக்குக் கல் இல்லை.

கடைசியாக இந்தியப் பக்கம். திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் என்று மாவட்டம் மட்டும் தெரிந்தால் போதாது, தாலுகாவும் கிராமமும் வேண்டும். கிராமம் தெரிந்தால் அங்கே வட்டாட்சியர் அலுவலகத்தின் 'அ' பதிவேடு, பட்டா, சிட்டா, பதிவுத்துறையின் வில்லங்கச் சான்று ஆகியவற்றில் தேடலாம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. இங்கேதான் அயர்லாந்தின் வழி நமக்கு முறிகிறது. கிரிஃபித் மதிப்பீட்டில் ஒரு குடிசையைக் குத்தகைக்கு வைத்திருந்தவரின் பெயரும் ஏறியது. ரயத்துவாரிப் பதிவேட்டில் பட்டாதாரரின் பெயர் மட்டும்தான். இராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன் நிலங்களில் அதுவும் அரசாங்கத்திடம் இல்லை, ஜமீன் கணக்கில்தான். கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் ஒரு குழி நிலமும் இல்லாத பள்ளர், பறையர், சக்கிலியர், அல்லது கடனில் நிலத்தை இழந்த குடியானவர். நில ஆவணத்தில் பாட்டன் பெயர் இல்லை என்பதால் அந்த ஊர் நம் ஊர் இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். மாறாக, பட்டாவில் அதே பெயர் இருந்தவுடன் அவர்தான் நம் பாட்டன் என்றும் நம்பிவிட வேண்டாம். குலதெய்வக் கோயிலுக்குத் திருவிழாவன்று போய், வரி கொடுக்கும் பங்காளிகளிடம் "சிலோனுக்குப் போனவர்கள் யாராவது?" என்று விசாரிப்பதுதான் பல நேரங்களில் பலன் தருகிறது.

தேடிக் கிடைத்த ஒவ்வொரு தாளையும் படமெடுத்து, எந்தக் காரியாலயத்தில், எந்தப் புத்தகத்தில், எந்தப் பக்கத்தில் கிடைத்தது என்பதை அதன் பின்புறத்தில் எழுதி, ஒரு பிரதியை வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். மூலத்தைப் பெட்டியில் வைக்கும்போது பெட்டி ஒன்றுதான் என்பது நினைவிருக்கட்டும்.