பிடியை விடாத பிரேக்

அப்பாவோட பழைய அம்பாசடருக்கு முன்னாடி, பின்னாடி எல்லாமே டிஸ்க் பிரேக்கா மாத்தினோமுங்க. வேங்கிக்கால்ல இருந்து கிளம்பி கிரிவலப் பாதையை ஒரு சுத்து வர்றதுக்குள்ள வீலெல்லாம் கொதிக்குது! காலிப்பரை ரெண்டு தடவை கழட்டியும் பலனில்லை. தப்பு வரலாற்றுல இருந்துச்சு.

1953-லேயே டிஸ்க் பிரேக்கோட லெ மான்ஸ் பந்தயத்தை ஜாகுவார் ஜெயிச்சாச்சு. ஆனா அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-க்கு டிரம்தான். அந்த மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ஒரு குட்டி வால்வு. காலை எடுத்த பிறகும் குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும், காற்று நுழையாமல் இருக்க. டிரம்மில் ஷூவை இழுக்க வலுவான ஸ்பிரிங் உண்டு, சமாளிக்கும். டிஸ்க்கில் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது ரப்பர் சீல் மட்டுமே. மிச்ச அழுத்தத்தில் பேடு உரசிக்கிட்டே இருக்கும்.

டிஸ்க்குக்கான மாஸ்டர் சிலிண்டர் போட்டோம். மறுபடி ஒரு சுத்து. வீல் சுடலை. அப்பா மட்டும் பழைய டிரம்மை இன்னும் பரண்ல வெச்சிருக்கார் :-)