மேகோம் நகரத்து வழக்கறிஞர்

அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில் மேகோம் என்று ஓர் ஊர் உண்டு. ஆனால் தேசப்படத்தில் அதனைத் தேடினால் கிட்டாது. ஹார்ப்பர் லீ என்னும் அம்மையார், தாம் பிறந்து வளர்ந்த மன்ரோவில் என்னும் ஊரை மனத்திற் கொண்டு கற்பனையில் எழுப்பிய ஊர் அது. 1960ஆம் ஆண்டில் வெளிவந்த ‘டு கில் எ மாக்கிங்பர்ட்’ என்ற அவரது நாவல் அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசினைப் பெற்றது. 1962இல் திரைப்படமாகவும் வந்தது. மும்பை, தில்லி, கொல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில், ஆங்கிலப் பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் கொண்டுவரும் நூல்களிடையே நேயர்கள் இதனையும் கண்டிருக்கக் கூடும். அந்நாவலில் வரும் தந்தை ஆட்டிகஸ் ஃபின்ச் என்பார். அவருடைய நேர்மை எத்தகையது, அது பிறந்த காலம் எத்தகையது என்பதனை இங்கே ஆராய்வோம்.

கதையைச் சுருங்கக் கூறிவிடலாம். ஆட்டிகஸ் மனைவியை இழந்தவர். ஜெம் என்ற மகனும் ஸ்கவுட் என்ற மகளும் அவருக்கு உண்டு. வெள்ளையினப் பெண்ணொருத்தியைக் கெடுத்ததாகப் பொய்க் குற்றம் சாட்டப்பெற்ற டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத் தொழிலாளிக்காக வாதாடும் பொறுப்பை நீதிபதி அவரிடம் ஒப்படைக்கிறார். பெண்ணின் முகத்தில் வலப்பக்கத்திலேயே காயம். அடித்தவன் இடக்கைப் பழக்கமுள்ளவனாய் இருத்தல் வேண்டும். டாமின் இடக்கையோ சிறுவயதிலேயே பஞ்சு அரவை இயந்திரத்திற் சிக்கிப் பயனற்றுப் போனது. இத்தனையும் வெட்டவெளிச்சமான பின்னரும் ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்றே தீர்க்கின்றனர். சிறையிலிருந்து தப்ப முயன்றதாகக் கூறி அவனைக் காவலர் சுட்டுக் கொல்கின்றனர்; உடலிற் பாய்ந்த குண்டுகள் பதினேழு.

இத்தகைய தீர்ப்பு கற்பனைக்கே உரியது என எண்ணுவோர் 1931ஆம் ஆண்டினை நோக்குதல் வேண்டும். அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள், அலபாமாவின் வடபகுதியில் சரக்கு இரயிலொன்றில் வந்த கறுப்பினச் சிறுவர்களும் இளைஞர்களுமாக ஒன்பது பேர் கைது செய்யப்பட்டனர். அதே இரயிலில் வந்த வெள்ளையினப் பெண்கள் இருவரைக் கெடுத்தனர் என்பது குற்றச்சாட்டு. ஸ்காட்ஸ்பரோ என்னும் ஊரில், கைதாகி ஏறத்தாழ இரண்டு வாரங்களிலேயே, எண்மருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. தக்க வழக்கறிஞரின் துணையின்றி நடந்த விசாரணை என்று கூறி 1932இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்புகளைத் தள்ளியது. வழக்கு மீண்டும் தொடங்கிற்று.

மறு விசாரணை 1933இல் டிகேட்டர் நகரில் ஜேம்ஸ் ஹார்ட்டன் என்னும் நீதிபதியின் முன் நடந்தது. இவ்விடத்தில் சற்று நின்று போகவேண்டும். என் கருத்தில் இந்த ஹார்ட்டனே அவ்வழக்கின் தலையாய மனிதர். குற்றஞ் சாட்டிய பெண்கள் இருவருள் ஒருத்தி, அப்படியொன்று நிகழவே இல்லை என்று சாட்சியம் அளித்தாள். எனினும் முழுவதும் வெள்ளையரைக் கொண்ட ஜூரி, ஹேவுட் பேட்டர்சன் என்பவனுக்கு மீண்டும் மரண தண்டனையே விதித்தது. அதனை அப்படியே ஏற்றிருந்தால் ஹார்ட்டனை யாரும் குறை கூறியிரார். தம் பதவியும் ஊரின் மதிப்பும் அவருக்கு நிலைத்திருக்கும். அவரோ 1933 ஜூன் மாதத்தில், சாட்சியத்திற்கு இத்தீர்ப்பு பொருந்தவில்லை என்று விரிவாக எழுதிப் படித்து, ஜூரியின் தீர்ப்பை நீக்கி, புதிய விசாரணைக்கு ஆணையிட்டார். அம்மாநிலத்தில் நீதிபதிகளும் தேர்தலில் வென்றே பதவிக்கு வரவேண்டும். அடுத்த ஆண்டுத் தேர்தலில் ஹார்ட்டன் தோற்றார்; பின்னர் நீதிபதியின் ஆசனத்தில் அவர் அமரவே இல்லை. வழக்கும் வேறொரு நீதிபதியிடம் மாற்றப்பட்டு, பேட்டர்சன் மீண்டும் குற்றவாளியாக்கப்பட்டான். அவ்வழக்கில் எஞ்சியவர்களுக்கு, அவர்கள் இறந்து பல்லாண்டுகள் கழித்து, 2013இல்தான் மாநிலம் மன்னிப்பு வழங்கியது.

ஜூரி என்பது நம் நாட்டுக் குற்ற வழக்குகளில் மறைந்துபோன முறையாதலின் ஒரு சொல் விளக்கம் தேவை. ஊராருள் பன்னிருவரைத் தேர்ந்து, குற்றம் உண்டா இல்லையா என்பதனை அவர்களே முடிவு செய்யும் முறை இது. ஊரின் நீதியுணர்வு நீதிமன்றத்திற்குள் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். ஊரின் வெறுப்பும் அதே வாயிலின் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. கறுப்பின மக்களை ஜூரிப் பட்டியலிலிருந்தே விலக்கி வைத்தது சட்டவிரோதம் என்று 1935இல் இதே ஸ்காட்ஸ்பரோ வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் கூறிற்று. அலபாமாவில் பெண்கள் ஜூரியாக அமரும் உரிமை பெறுவதற்கோ 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹார்ப்பர் லீ 1926இல் பிறந்தவர். ஸ்காட்ஸ்பரோ கைதுகள் நிகழ்ந்தபோது ஐந்து வயது நிரம்பாத சிறுமி. அவருடைய தந்தை அமாசா கோல்மன் லீ வழக்கறிஞர். மாநிலச் சட்டமன்ற உறுப்பினராகவும் உள்ளூர்ச் செய்தித்தாளின் ஆசிரியராகவும் இருந்தவர். 1919இல், வெள்ளையினக் கடைக்காரரைக் கொன்றதாகக் குற்றஞ் சாட்டப்பெற்ற கறுப்பினத்தார் இருவருக்காக அவர் வாதாடினார். இருவரும் தூக்கிலிடப்பட்டனர். அதன்பின் அவர் குற்ற வழக்கு எதனையும் எடுத்துக் கொள்ளவில்லை என்பர். ஆட்டிகஸின் உருவத்திற்கு அவரே மூலம். ஆயினும் மகள் படைத்த தந்தையும் மகளைப் பெற்ற தந்தையும் முற்றும் ஒருவரல்லர். மூத்த லீ, இனத்தார் இருவரும் தனித்தனியே வாழும் ஏற்பாட்டினை நெடுங்காலம் இயல்பானதென்றே கொண்டிருந்தவர். முதுமையிலேயே அக்கருத்தில் நெகிழ்ந்தார்.

இனி நாவலின் தந்தையிடம் வருவோம். சிறைவாயிலில் நாற்காலி போட்டு அமர்ந்து, விளக்கொளியில் செய்தித்தாள் படித்துக்கொண்டு, டாமைக் கொல்ல வரும் கூட்டத்தை அவர் எதிர்நோக்கும் காட்சியையே பலரும் போற்றுவர். நான் சிறப்பாகக் கருதுவது வேறொன்று. கதையின் இறுதியில், பகை கொண்ட பாப் யூவெல் இருளிலே குழந்தைகளைத் தாக்குகிறான். அத்தாக்குதலில் அவனே இறந்து கிடக்கிறான். கொன்றவன் தம் மகன் ஜெம் என்று ஆட்டிகஸ் கருதுகிறார். மகனோ பதின்மூன்று வயதுச் சிறுவன். தற்காப்பிற்காகச் செய்த செயல். ஷெரீபோ மூடி மறைக்கச் சித்தமாய் நிற்கிறார். எந்தத் தகப்பனார் வேண்டாம் என்பார்? ஆட்டிகஸ் வேண்டாம் என்கிறார். வீட்டில் ஒருவராகவும் வீதியில் வேறொருவராகவும் வாழத் தம்மால் இயலாது என்பதும், இதனை மறைத்தால் மகனின் முகத்தைப் பார்க்க முடியாமற் போகும் என்பதும் அவர் கூறும் காரணம். டாமின் வழக்கினை ஏற்றதற்கும் இதையொத்த காரணத்தையே அவர் கூறியிருந்தார்: ஏற்காவிடில் தம் பிள்ளைகளுக்கு ஒன்றைச் செய் என்றோ செய்யாதே என்றோ கூறும் தகுதி தமக்கில்லை.

யூவெலைக் கொன்றவன் ஜெம் அல்லன். குழந்தைகளைக் காக்க வந்த, வெளியுலகையே அஞ்சி வாழ்ந்த அண்டை வீட்டான் ஒருவன். இவ்வுண்மை விளங்கியதும் ஆட்டிகஸ் ஷெரீபின் மறைப்பிற்கு இணங்கிவிடுகிறார். இது அவர் நேர்மைக்கு மாசு என்போர் உண்டு. மகனுக்காக மறுத்ததனை எளியவனொருவனுக்காக ஏற்றார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2015ஆம் ஆண்டில் வாசகர்களுக்குப் பேரதிர்ச்சி ஒன்று நேர்ந்தது. முதல் நாவலுக்கு முன்பே, 1950களின் நடுவில் லீ எழுதி வைத்திருந்த ‘கோ செட் எ வாட்ச்மேன்’ அப்போது அச்சேறிற்று. அதில் எழுபத்திரண்டு வயது ஆட்டிகஸ், கறுப்பினத்தார் உரிமையை எதிர்க்கும் சபையின் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். சிறுமியாய் அவர் வாதாடக் கண்ட அதே நீதிமன்ற மாடத்திலிருந்து, வளர்ந்த மகள் அதனைப் பார்த்து மனம் நொறுங்குகிறாள். பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் கூறிய பின், தென்மாநிலங்களில் இத்தகைய சபைகள் பல மெய்யாகவே முளைத்தன. தனியொருவனுக்கு அநீதி நேரின் தாங்காத நல்ல மனிதர்களும், அநீதியான ஏற்பாடு முழுவதையும் அசைக்க அஞ்சியதுண்டு. மூத்த லீயின் வாழ்வை அறிந்தோர்க்கு இரண்டாம் நூலின் ஆட்டிகஸ் வியப்பளிக்க மாட்டார்.

மன்ரோவில் நகரத்தார் தம் நாவலாசிரியரைக் குறித்துப் பெருமை மிக உடையவர். பழைய நீதிமன்றக் கட்டடத்தை அருங்காட்சியகமாக்கி, அக்கதையை அங்கே நாடகமாகவும் நடத்தி வந்தனர். அதே ஊரில் 1986இல் நிகழ்ந்த ஒரு கொலைக்காக, வால்ட்டர் மக்மில்லியன் என்னும் கறுப்பினத்தவர் கைது செய்யப்பட்டார். கொலை நடந்த வேளையில் அவர் தம் வீட்டில் இருந்ததாகப் பலர் சாட்சி கூறினர். 1988இல் நடந்த விசாரணை இரண்டு நாளுக்குள் முடிந்தது. ஜூரி ஆயுள் தண்டனை போதும் என்றது; நீதிபதி அதனை மாற்றி மரண தண்டனை விதித்தார். பிரையன் ஸ்டீவன்சன் என்னும் கறுப்பின வழக்கறிஞர் அவ்வழக்கினை மேற்கொண்டு, அரசுத் தரப்புச் சாட்சி பொய்யென்று நிறுவினார். 1993ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் மக்மில்லியன் விடுதலையானார். அதற்குள் மரண தண்டனைக் கைதிகளின் சிறையில் அவர் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கழித்திருந்தார்.