தண்ணிதான் மெஷின்

சில வருஷம் முன்னாடி புஜ்ஜுக்கு மாற்றல் ஆன புதுசு. அஜ்ரக்பூர்ல இருந்து ஒருத்தர் கடன் கேட்டு வந்தார். விண்ணப்பத்துல இயந்திரங்கள்ங்கற இடம் காலி. "மெஷின் எங்கே பாய்?"னு கேட்டேன். என் மேஜைல இருந்த தண்ணி டம்ளரைக் காட்டினார். பி.காம். மூளைக்கு எட்டலை!

பட்டறைக்குப் போனப்பதான் புரிஞ்சுது. துணியை முதல்ல கடுக்காய்த் தண்ணில நனைக்கறாங்க. சுண்ணாம்பும் கருவேலம் பிசினும் கலந்து மர அச்சால குத்தினா, அந்த இடத்துல சாயம் ஏறாது. இரும்புத் துண்டை வெல்லத்துல ஊறவெச்சு, புளியங்கொட்டை மாவு சேர்த்துக் குத்தினா கறுப்பு. படிகாரம் குத்தின இடம் கடைசியில சிவப்பு. நடுவுல அவுரித் தொட்டில ஒரு முக்கு, நீலம். எல்லாம் நம்ம நாட்டு மருந்துக்கடைச் சரக்குதான்!

சோழமண்டலக் கரையில சாயவேரால சீட்டித் துணிக்குச் சிவப்பு ஏத்தினதும் இதே படிகார வித்தைதான். துவைச்சாலும் போகாத அந்தச் சாயத்துக்கு ஐரோப்பாவே மயங்கிடுச்சு. உள்ளூர் நெசவைக் காப்பாத்த பிரான்ஸ் 1686லயும் இங்கிலாந்து 1721லயும் தடை போட வேண்டியதாப் போச்சு.

இந்தக் கத்ரிகள் 16ஆம் நூற்றாண்டுல, ராவ் பார்மல்ஜி காலத்துல, சிந்துவிலேர்ந்து வந்து தமட்கால ஆத்தோரமா குடியேறினவங்க. ஆறு வத்திப்போச்சு, கிணத்துக்கு மாறினாங்க. 2001 ஜனவரி 26 பூகம்பத்துல ஊர் இடிஞ்சுது. வீட்டைத் திரும்பக் கட்டிடலாம். ஆனா நிலத்தடித் தண்ணில இரும்பு கூடிடுச்சே! கடுக்காய் ஏறின துணில இரும்பு பட்டா கறுக்கும். அச்சு குத்தின இடத்துல அது வேணும். அலசற தண்ணில இருந்தா மொத்தத் துணியும் மங்கிடும். அதனால நல்ல தண்ணி தேடிப் பல குடும்பங்கள் கிளம்பி, புஜ் பக்கத்துல உருவாக்கின ஊர்தான் அஜ்ரக்பூர். சில பேர் தமட்காலயே இருந்துட்டாங்க.

அவர் கேட்டது தண்ணித் தொட்டிக்கும் குழாய்க்கும்தான். "உற்பத்திக்கு நேரடித் தொடர்பு இல்லை"னு குறிப்பு எழுதி மூணு மாசம் இழுத்தடிச்சவன் நான்தான். அப்புறம் கடன் கொடுத்தோம். ஒரு தவணைகூடத் தவறாம கட்டினார்.

அடுத்த முறை கண்காட்சில அஜ்ரக் விலையைக் கேட்டு முகம் சுளிக்கறதுக்கு முன்னாடி, "எந்த ஊர்த் தண்ணி?"னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க. அச்சு குத்தறவர் சந்தோஷமா சொல்லுவார்.