பெட்டிக்குள் வந்த வரலாறு

நாடு விட்டு நாடு செல்வோன் ஒருவன் தன் பயண மூட்டையைக் கட்டும்போது, தன்னையறியாமலே தன் வாழ்வை நிறுத்துப் பார்க்கின்றான். எதை எடுப்பது, எதை விடுப்பது என்று அவன் செய்யும் முடிவில் அவனுடைய அச்சமும் நம்பிக்கையும் வெளிப்படுகின்றன. எவ்வளவு காலம் தங்க எண்ணுகின்றான் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். மன்னர் படையெடுப்புகளையும் ஆளுநர் ஆணைகளையும் விரிவாக எழுதிய வரலாற்றாசிரியர்கள், கப்பலேறிய எளிய மனிதனின் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தாரில்லை. மலாயாத் தமிழரின் வரலாற்றை அந்த மூட்டையின் வழியாகவும் படிக்கலாம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

பெரும்பதன் கல்

இத்தகைய சான்றுகளுள் மிகத் தொன்மையான ஒன்று நமக்கு வடக்கே, தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் உள்ள குலோங் தோம் என்னும் ஊரில் கிடைத்துள்ளது. அது பொன்னை உரைத்து மாற்றுப் பார்க்கும் சிறிய உரைகல். அதன்மீது ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழ் பிராமி எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என அறிஞர் கூறுவர். பெரும்பதன் என்பான் ஒரு பொற்கொல்லன் போலும். அவனுடைய ஊரை நாம் அறியோம், உறவினரை அறியோம். ஆனால் கடல் கடந்த அத்தொழிலாளியின் கருவியும், அதன்மேல் அவன் மொழியில் அமைந்த அவன் பெயரும் நிலைத்துள்ளன. அரசனின் கல்வெட்டுக்குச் சற்றும் குறையாத மதிப்பு இச்சிறு கல்லுக்கும் உண்டு.

வணிகர் கொணர்ந்தவை

1786ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். அதன்பின் ஜார்ஜ் டவுன் நகரம் வளர வளர, தமிழ் முஸ்லிம் வணிகரும் நாட்டுக்கோட்டை நகரத்தாரும் பிறரும் இங்கே வந்து சேர்ந்தனர். சூலியா தெருவும் பினாங்கு வீதியும் மார்க்கெட் வீதியும் இன்றளவும் அவர்தம் வரவைப் பறைசாற்றி நிற்கின்றன.

நகரத்தார் நிறுவனங்களின் முகவர் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் வந்தவர். மனைவி மக்கள் செட்டிநாட்டிலேயே தங்கினர். மூன்றாண்டில் திரும்ப வேண்டியவனுக்குக் கட்டில் எதற்கு? வீட்டுப் பாத்திரம் எதற்கு? ஒரே கிட்டங்கியில் பல கடைகள்; ஒவ்வொருவர்க்கும் கணக்கெழுதச் சாய்வான மேசைப்பெட்டி, பணமும் பத்திரமும் வைக்கப் பெட்டகம், இரவில் படுக்க ஒரு பாய். கிட்டங்கியின் எளிமைக்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. தவணை முறையும் காரணம். தங்கும் காலமே சுமையின் அளவைத் தீர்மானிக்கும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

ஆயினும், தனி மனிதன் சுமக்க விரும்பாததைச் சமூகம் சேர்ந்து சுமந்தது. 1857இல் நகரத்தார் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். தமிழகத்தில் செய்யப்பெற்ற வெள்ளித் தேர் கப்பலேறி வந்து, 1894 முதல் தைப்பூச நாளில் பினாங்குத் தெருக்களில் உலா வருகின்றது. தமிழ் முஸ்லிம்களோ, நாகூர் ஆண்டகையின் நினைவாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சூலியா தெருவில் தர்கா ஒன்றை எழுப்பினர். பெட்டிக்குள் அடங்காத ஊரை நெஞ்சுக்குள் கட்டிக்கொண்டு வந்து, இறங்கிய இடத்தில் அவிழ்த்து வைத்தனர் எனலாம்.

தொழிலாளியின் மூட்டை

பினாங்குக்கு எதிர்க்கரையில் உள்ள செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் நாடெங்கும் பரவிய இரப்பர்த் தோட்டங்களுக்கும் வந்த தொழிலாளியின் நிலை வேறு. ஒப்பந்த முறையில் ஆள் சேர்ப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறையே மேலோங்கியது. 1907இல் ஏற்பட்ட குடிவரவு நிதி, தொழிலாளரின் பயணச் செலவை ஏற்றது. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கவைக்கப்பட்டு, மருத்துவச் சோதனைக்குப்பின் கப்பலேற்றப்பட்டனர். இங்கு வந்ததும் பலர் புலாவ் ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டனர். திறனற்ற தொழிலாளரை உதவிப் பயணத்தில் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடை செய்யும்வரை இவ்வோட்டம் ஏறியும் இறங்கியும் நடந்தது.

அவர்கள் கொணர்ந்தது என்ன? மாற்றுத் துணி ஒன்றிரண்டு, ஒரு செம்பு, ஒரு பாய், சுக்கும் மிளகும் முடிந்த துணி முடிச்சு ஆகியவற்றுக்கு மேல் வறியவன் வேறென்ன கொண்டுவர இயலும்? தேர்ந்தெடுத்து எடுத்து வைப்பதே வசதி படைத்தோர் பெறும் வாய்ப்பு என்பதை மாணாக்கர் இங்கே உணர வேண்டும். உள்ளது அனைத்தும் ஒரு மூட்டை என்றால், அங்கே தேர்வுக்கு இடமேது?

எனினும் அம்மூட்டைக்குள் வறுமை தொட முடியாத பொருள் ஒன்றும் இருந்தது. குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துச் சென்று புதிய இடத்தில் தெய்வத்தை நிலைநிறுத்துவது தமிழகத்துச் சிற்றூர் மரபு. தோட்டத்து மாரியம்மன், முனியாண்டி, மதுரைவீரன் கோயில்கள் சிலவற்றின் தொடக்கத்தை அத்தகைய ஒரு பிடி மண்ணோடு இணைத்துச் சொல்லும் முதியோர் நம்மிடையே உண்டு. ஒரு கைப்பிடி மண்ணுக்குக் கப்பலில் கட்டணமில்லை; ஆனால் ஓர் ஊரின் எடை அதற்கு உண்டு.

எழுதப்படாத சுமைகள்

பெருமைக்குரியவற்றை மட்டும் எண்ணி மகிழ்ந்துவிட்டால் அது வரலாறாகாது. கங்காணியிடம் பட்ட கடனும் தொழிலாளியின் மூட்டையோடு வந்தது. சாதியும் வந்தது. கப்பலின் தளத்தில் அருகருகே பாய் விரித்துப் படுத்தவர்கள், தோட்டத்துக்கு வந்ததும் தனித்தனி லயங்களையும் தனித்தனிக் கோயில்களையும் நாடிய நிகழ்ச்சிகள் நம் சமூக வரலாற்றில் உள. கடலில் எறிந்துவிட்டு வந்திருக்க வேண்டிய ஒரு பொருளைக் காப்பாற்றிக் கரை சேர்த்தோம் என்பதை ஒப்புக்கொள்ளும் துணிவு நமக்கு வேண்டும்.

மறுபுறம், நாம் கொடுத்ததும் உண்டு. கப்பலைக் ‘காப்பால்’ என்றும், கடையைக் ‘கெடாய்’ என்றும், முதலை ‘மோடால்’ என்றும், பெட்டியைப் ‘பெத்தி’ என்றும் மலாய் மொழி ஏற்றுக்கொண்டது. இவை நேற்று வந்த தொழிலாளரால் விளைந்தவையல்ல. நெடுங்கால வணிக உறவின் பயன். குளிர்ப்பெட்டி இன்று மலாயில் ‘பெத்தி செஜோக்’. வாக்குப்பெட்டி ‘பெத்தி உண்டி’. நம் பெட்டி, சொல்லளவில், இந்நாட்டு மக்கள் அனைவருக்கும் பொதுவாகிவிட்டது.

ரஜூலாவின் காலம்

1926இல் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ என்னும் கப்பலைப் பாட்டன்மார் வாயிலாகக் கேளாத மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் குறைவு. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது சென்று வந்தது. மூடியில் உரியவர் பெயர் வண்ணத்தால் எழுதப்பெற்ற தகரப் பெட்டி, அக்காலப் பயணியின் அடையாளமாயிற்று. வரும்போது ஊறுகாயும் வடகமும் சேலையும் பஞ்சாங்கமும். போகும்போது கோடாலித் தைலமும் வாசனைச் சோப்பும் நைலான் துணியும். 1969வரை பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்தமையால், ஊருக்குப் போகும் பெட்டி வந்த பெட்டியைவிடக் கனத்திருந்ததில் வியப்பில்லை. ரஜூலாவுக்குப்பின் ‘சிதம்பரம்’ வந்தது. 1985 பிப்ரவரியில் அக்கப்பலில் மூண்ட தீ உயிர்களைப் பலிகொண்டது. அதனோடு அந்தக் கடல்வழிப் பயணமும் முடிவுற்றது.

ஒரு தாளின் எடை

பெட்டியில் வைத்த பொருள்களுள் மிகக் கனமானது எது? தங்கமன்று, செம்பன்று, தாள். 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, இங்குப் பிறவாதோர் பதிவின் வழிக் குடியுரிமை பெற வழி இருந்தது. முந்திய பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டு ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது விதி. முதல் ஓராண்டுக்கு மலாய் மொழித் தேர்விலிருந்து விலக்கும் தரப்பட்டது. அறிந்தோர் விண்ணப்பித்தனர். எழுதப் படிக்க அறியாதோரும், ‘அடுத்த கப்பலில் ஊருக்குப் போகிறவனுக்கு இது எதற்கு’ என்று எண்ணியோரும் வாளாவிருந்தனர். அவர்கள் மனத்தளவில் பெட்டியை முழுதும் அவிழ்க்கவே இல்லை.

1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடிமகனல்லாதான் உரிமம் பெற்றே வேலை செய்யலாம் என்றது. அடுத்த ஆண்டு அது கடுமையாக நடைமுறைக்கு வரவே, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் மீண்டும் மூட்டை கட்டினர். இரப்பர் மரத்தோடு நாற்பது ஆண்டு கழித்தவர், ஓரிரு வாரங்களில் எதை எடுப்பது, எதை விடுப்பது என்று முடிவு செய்ய நேர்ந்தது. எஞ்சி நின்றோருள் பலர், தம் மொழிச் சொல்லே பெயராகப் பெற்ற அந்த வாக்குப்பெட்டியில் ஒரு முறையேனும் வாக்கிடாமல் மறைந்தனர். பிறப்புப் பத்திரமின்றிப் பள்ளி வாயிலில் வந்து நிற்கும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் அறிவோம். அவர்தம் இடரின் வேர் பல குடும்பங்களில் அக்காலம்வரை நீளுகின்றது.

நம் கடமை

2008இல் ஜார்ஜ் டவுன், மலாக்காவுடன் சேர்ந்து உலகப் பாரம்பரிய நகராக அறிவிக்கப்பட்டது. கட்டடங்கள் காக்கப்படுகின்றன, நன்று. ஆனால் வீடு மாறும்போதெல்லாம் பழைய தகரப் பெட்டிகள் பழம்பொருள் வாங்குவோனிடம் போகின்றன. அவற்றோடு பழைய கடவுச்சீட்டும் தோட்டத்துச் சம்பளச் சீட்டும் ஊரிலிருந்து வந்த கடிதமும் போகின்றன.

ஆசிரியப் பெருமக்கள் இதனை ஒரு பாடமாகக் கொள்ளலாம். ‘உன் பாட்டனார் பெட்டியில் என்ன கொண்டு வந்தார்?’ என்று ஒவ்வொரு மாணாக்கனும் தன் வீட்டில் கேட்டு வரட்டும். கிடைக்கும் விடையை நாள், ஊர், கப்பலின் பெயர் ஆகியவற்றுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். தாள்கள் இருப்பின் படியெடுத்துப் பள்ளியில் வைப்போம். பத்திரமில்லாத பிள்ளைக்கு அதைப் பெற்றுத்தரப் பெற்றோரோடு நாமும் அலுவலகப் படியேறுவோம். பெரும்பதன் தன் பெயரைக் கல்லில் விட்டுச் சென்றான். தோட்டத்து மக்களின் பெயர்கள் தாளிலேனும் நிற்கச் செய்தல் நம்மால் ஆகும் செயல். அதற்கு இன்னும் காலம் இருக்கின்றது, ஆனால் மிகுதியாக இல்லை.