சாலைக் கம்போளமும் இரங்கூன் அரிசியும்

திருவனந்தபுரத்தில் கிழக்கே கோட்டை வாயிலுக்கு எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிச் செல்லும் சாலைக் கம்போளத்தை அறியாத தமிழர் தென்கோடியில் அரியர். மிளகாயும் மல்லியும் புளியும் வெல்லமும் மணக்கும் அத்தெருவில் மலையாளத்தோடு தமிழும் சரளமாய் வழங்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்தினின்றும் திருவனந்தபுரத்துக்கு மாறிய காலத்தை ஒட்டி, திவான் ராஜா கேசவதாசர் இக்கடைத்தெருவை அமைப்பித்தார். பருப்பும் மிளகாயும் பாண்டி நாட்டினின்றும், நெல்லும் அரிசியும் நாஞ்சில் நாட்டினின்றும் மாட்டு வண்டிகளில் வந்தன. வடக்கேயிருந்து வந்த சரக்குகள் காயல் வழியே வள்ளக்கடவில் தோணியிலிருந்து இறங்கின. சிறுகதை ஆசிரியர் ஆ. மாதவன் இத்தெருவிலேயே பாத்திரக் கடை நடத்திக்கொண்டு இதன் மனிதரை எழுத்தில் நிறுத்தினார் என்பதைத் தமிழ் வாசகர் அறிவர்.

இத்தெருவில் விலை ஏறும்போதெல்லாம் முதலில் ஏச்சுக்கு ஆளாகிறவர் தராசுக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் வணிகரே. அவருள் பதுக்குவோர் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும் தராசின் மறுபுறத்தில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாத காரணங்கள் சில உண்டு. அவற்றைக் காண்பதற்கு 1942-ஆம் ஆண்டையும் அதனை அடுத்த சில ஆண்டுகளையும்போலத் தெளிவான காலம் இந்நகரின் வரலாற்றில் வேறில்லை.

திருவிதாங்கூர் செழிப்பான நாடு. ஆனால் தன் சோற்றுக்குப் போதிய நெல் விளையாத நாடு. தென்னை, மிளகு, இஞ்சி, தேயிலை, ரப்பர், முந்திரி ஆகியவற்றை அது வெளிநாடுகளுக்கு விற்றது. அப்பணத்தைக் கொண்டு அரிசி வாங்கியது. தேங்காயும் கயிறும் கப்பலேறும். பர்மா அரிசி கப்பலில் வந்திறங்கும். 1941-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அறுபது இலட்சத்துக்குச் சற்று மிகுதியாக இருந்த மக்களுக்கு வேண்டிய அரிசியில் பாதிக்குமேல் வெளியிலிருந்தே வந்தது. இதை மூடத்தனம் என்று எளிதில் ஒதுக்க இயலாது. ஓர் ஏக்கர் தென்னையின் வருவாய் ஓர் ஏக்கர் நெல்லைவிட மிகுதி தருமானால், தென்னை நட்டு நெல் வாங்குவதே உழவனுக்குக் கணக்கு. அந்தக் கணக்கு ஒரே ஒரு நம்பிக்கையின்மீது நின்றது. கடல் வழி என்றும் திறந்திருக்கும் என்பதே அந்நம்பிக்கை.

1942 மார்ச் 8-ஆம் நாள் ஜப்பானியப் படைகள் இரங்கூனுக்குள் புகுந்தன. சயாமும் இந்தோ சீனமும் அதற்கு முன்னரே அவர்கள் பிடியில் இருந்தன. பர்மா அரிசி நின்றது. இந்தியா முழுமைக்கும் எடுத்துக் கணக்கிட்டால் அந்த அரிசி மொத்த விளைச்சலில் ஒரு சிறு பங்கே. திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் அதுவே உலை அரிசி. எஞ்சிய வழி தரைவழியே. ஆனால் அரிசி மிகுந்த மாகாணங்களும் தத்தம் எல்லைகளை அடைத்து, அனுமதியின்றித் தானியம் வெளியேறலாகாது எனத் தடுத்தன. கடலை அடைத்தவன் பகைவன். தரையை அடைத்தவர் அண்டை வீட்டார். வாங்குவோன் பையில் பணம் இருந்தும் வாங்கப் பொருள் வராத நிலை இதனால் உண்டாயிற்று. விலையேற்றத்தின் முதற்காரணம் இது.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. பிரிட்டிஷ் அரசு போருக்கு வேண்டிய துணி, தோல், தானியம், மரம் முதலியவற்றை இந்தியாவில் வாங்கிற்று. அதன் விலையை இலண்டனில் பவுனாக இந்தியாவின் பெயரில் வரவு வைத்தது. அவ்வரவையே ஈடாகக் கொண்டு ரிசர்வ் வங்கி இங்கே நோட்டு வெளியிட்டது. 1939-இல் ஏறத்தாழ 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், போர் முடிந்த 1945-இல் 1,100 கோடியைக் கடந்துவிட்டது. பொருளோ பெருகவில்லை, படைகள் எடுத்துக்கொண்டதுபோக மக்களுக்கு எஞ்சியது குறைந்தது. ஆறு மடங்கு பணம் குறைந்துபோன பொருளைத் துரத்திற்று. மொத்த விற்பனை விலைகள் போருக்கு முன்னிருந்ததைக் காட்டிலும் இருமடங்குக்கு மேல் உயர்ந்தன. பணவீக்கம் என்று பொருளியலார் சொல்வது இதனைத்தான்.

இங்கே திருவிதாங்கூருக்கென ஒரு விந்தை உண்டு. அந்நாட்டுக்குச் சொந்த நாணயம் இருந்தது. பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். சாலைக் கடைகளில் கணக்கு எழுதுவோர் இரண்டையும் மாற்றிப் போடுவதில் தேர்ந்தவராக இருக்க வேண்டியிருந்தது. ஆனால் சக்கரத்தை அடிக்கும் உரிமை மட்டுமே திருவிதாங்கூருக்கு உண்டு. நோட்டுப் புழக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் உரிமை இல்லை. பம்பாயிலும் இலண்டனிலும் எடுத்த முடிவு சாலையில் ஒரு நாழி அரிசியின் விலையில் வந்து நின்றது. மகாராஜாவும் அதைத் தடுக்க வல்லவர் அல்லர். அப்போது திவானாக இருந்த சர் சி. பி. இராமசாமி ஐயரும் அல்லர்.

இவ்விரு காரணங்களும் கூடினால் என்ன நேரும் என்பதை வங்காளம் காட்டிற்று. கல்கத்தாவில் 1942 டிசம்பரில் மணங்கு ஒன்றுக்குப் பதின்மூன்று பதினான்கு ரூபாயாக இருந்த அரிசி, 1943 ஆகஸ்டில் 37 ரூபாய்க்கு ஏறியது. மாண்டவர் பதினைந்து இலட்சம் என அரசினர் அமைத்த பஞ்ச விசாரணைக் குழு மதிப்பிட்டது; பிற்கால ஆய்வாளர் முப்பது இலட்சம் வரை கணக்கிடுவர். அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட தம் நூலில், அவ்வாண்டு வங்காளத்தில் இருந்த உணவு முந்தைய ஆண்டுகளினும் பெரிதும் குறைந்ததன்று என்று காட்டினார். போர்ச் செலவினால் நகரத்தாரின் வருவாய் உயர்ந்தது. கிராமத்து உழைப்பாளியின் கூலி அப்படியே நின்றது. விலை ஏறியபோது அரிசி அவன் ஊரைவிட்டு நகருக்குப் போயிற்று.

வங்காளத்தினும் மிகுதியாகப் பர்மா அரிசியை நம்பியிருந்த திருவிதாங்கூர் அத்தகைய பெரும் பஞ்சத்தில் வீழாமல் தப்பியது எப்படி? நாம் ஆராய்ந்த அளவில் பங்கீடே காரணம். இந்தியாவின் பிற பகுதிகளில் பங்கீடு பெருநகரங்களோடு நின்றபோது, திருவிதாங்கூரும் கொச்சியும் நகரம் கிராமம் என்ற வேறுபாடின்றி மக்கள் அனைவரையும் பங்கீட்டின்கீழ்க் கொண்டுவந்தன. வெளியிலிருந்து வரும் தானியத்தை அரசே கைக்கொண்டது; வீட்டுக்கு வீடு அட்டை வழங்கிற்று. அரிசி போதாதபோது கோதுமை வந்தது. அதுவரை கோதுமையை மருந்துபோலக் கண்டிருந்த அடுக்களைகள் அதைப் பிசையக் கற்றன. அதே 1943-இல் மார்ச்சு மாதம் திருவனந்தபுரத்தில் அரசாங்க வானொலி நிலையம் தொடங்கப்பெற்றது. 1950-இல் அகில இந்திய வானொலியோடு இணைந்த அந்நிலையம், பசியும் ஊரில் நடமாடிய ஆண்டில்தான் பேசத் தொடங்கிற்று.

ஆயினும் தப்பியது என்று சொல்லும்போது நாம் தயங்க வேண்டியிருக்கிறது. அட்டைக்குக் கிடைத்த அரிசி வயிற்றுக்குப் போதவில்லை. கயிற்றுத் தொழிலாளர் நிறைந்த சேர்த்தலை வட்டத்தில் துயரம் கடுமையாயிற்று. கப்பல் இன்மையால் கயிறு ஏற்றுமதி தளர்ந்து கூலி குறைந்தது; அதே கப்பல் இன்மையால் அரிசி விலை ஏறிற்று. ஒரு கப்பல் வராமையால் இருமுறை அடிபட்டவர் அவரே. பசியால் மெலிந்த உடல்களை நோய்கள் கொண்டு சென்றன. கே. ஜி. சிவசுவாமி முதலியோர் நேரில் சென்று கண்டு எழுதி 1945-இல் வெளியிட்ட அறிக்கை இவற்றைப் பதிவு செய்துள்ளது. மொத்த விலைப்புள்ளியில் இம்மனிதர் தோன்றுவதில்லை.

அந்நாளில் உயிர் காத்தது மரச்சீனிக் கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதைக் குடிமக்களிடையே பரப்பினார் என்பர். மேட்டு நிலத்தில் விளையும். நீர் மிகுதியாக வேண்டாது. வேண்டும்போது தோண்டி எடுக்கலாம். ஏழையின் அடுப்பில் கிழங்கும் மீனும் முன்னரே உணவாக இருந்தன. அரிசி அருகியபோது நடுத்தரக் குடும்பங்களும் கிழங்குக்கு வந்தன. அரிசி உண்டவர் கிழங்குக்கு இறங்கினால், கிழங்கு உண்டவர் எதற்கு இறங்குவர்? ஒரு பண்டத்தின் விலை ஏறும்போது அதற்கு மாற்றான மலிந்த பண்டமும் உடன் ஏறுவது இவ்வாறுதான். பின்னர் 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது; அதற்குச் சேர்த்தலைக் காலத்து அனுபவத்தைவிடச் சிறந்த நியாயம் தேட வேண்டியதில்லை.

போர் ஓய்ந்தது, நாடு விடுதலை பெற்றது. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ் மக்களின் நெடுநாளைய வேட்கை நிறைவேறிய நாள் அது. அதே நாளில் திருவனந்தபுரத்தின் நெற்களஞ்சியம் வேறொரு மாநிலத்தின் களஞ்சியமாயிற்று. நாஞ்சில் நாட்டு அரிசி சாலைக்கு வர இனி ஒரு மாநில எல்லையைக் கடக்க வேண்டும். 1957-இல் ஆந்திரம், சென்னை, மைசூர், கேரளம் நான்கையும் ஒரே அரிசி மண்டலமாக அமைத்தபோது அந்த எல்லை வணிகருக்கு உறுத்தவில்லை. 1964-இல் அம்மண்டலம் கலைக்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் தனி மண்டலமாயிற்று. இரங்கூன் வீழாமலேயே கேரளத்தில் மீண்டும் அரிசி முட்டுப்பாடு. வீட்டுக்கு வீடு அட்டை மீண்டும் வந்தது. 1966-ஆம் ஆண்டின் கேரள ரேஷன் ஆணை அதற்குச் சட்ட உருவம் தந்தது. 1974-இல் மாநிலப் பொருள் வழங்கு கழகமாகிய சப்ளைகோவும், 1980 முதல் மாவேலி அங்காடிகளும் பலசரக்கு விலையைக் கட்டுக்குள் வைக்க முயன்றன.

அட்டை பங்கிட்டுத் தரும். அட்டையில் நெல் விளையாது. 1970-களின் நடுவில் கேரளத்தில் ஏறத்தாழ 8.8 இலட்சம் எக்டேராக இருந்த நெல் நிலம், இந்நாளில் ஏறத்தாழ 2 இலட்சமாகச் சுருங்கியுள்ளது. வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பணம் ஒருபுறம், ஏறிய கூலி மறுபுறம், வீடு கட்ட நிரப்பிய வயல் இன்னொருபுறம். தேங்காயை விற்று அரிசி வாங்கிய பழைய கணக்கு, உழைப்பை விற்று அனைத்தையும் வாங்கும் கணக்காக மாறிற்று.

அண்மைக் காலத்தில் 2025-ஆம் ஆண்டு ஒரு புதிய செய்தியைக் காட்டிற்று. அவ்வாண்டில் பல மாதங்கள் தொடர்ந்து இந்திய மாநிலங்களுள் மிகுந்த சில்லறைப் பணவீக்கம் கேரளத்திலேயே பதிவாயிற்று. செப்டம்பரில் நாடு முழுமைக்கும் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தபோது, கேரளத்தில் அது 9 விழுக்காட்டை எட்டியது. நோட்டுப் பெருக்கம் இதற்குக் காரணம் என்று சொல்ல இயலாது. ஒரே ரூபாய்தான் பீகாரிலும் கேரளத்திலும் வழங்கிற்று. விலையில் முன்னின்ற பண்டம் எது என்றால் தேங்காய் எண்ணெய். அதற்கு முந்திய ஆண்டில் கிலோ ஏறத்தாழ 200 ரூபாய்க்கு விற்ற எண்ணெய் 2025-இன் நடுவில் 400 ரூபாயைத் தாண்டிற்று. வெப்பத்தால் காய்ப்புக் குறைந்தது. இளநீருக்கு மிகுதியாகக் காய் வெட்டப்பட்டது. உலகச் சந்தையிலும் தேங்காய் எண்ணெய் விலை ஏறியிருந்தது. தென்னையின் பெயரால் அறியப்பட்ட நாடு, தன் ஆலைகளுக்கு வேண்டிய கொப்பரைக்குக் காங்கேயம் சந்தையின் விலையைப் பார்த்திருந்தது.

எண்ணெய் மலிவாக இருக்கும் மாநிலத்தவர் அந்த ஆண்டு கடலை எண்ணெய்க்கோ சூரியகாந்தி எண்ணெய்க்கோ மாறியிருப்பர். இங்கே அவியலில் கடைசியாக ஊற்றும் பச்சைத் தேங்காய் எண்ணெய்க்கு மாற்று இல்லை. பிற மாநிலங்களில் விலைப்புள்ளியை அசைக்காத பண்டம் கேரளத்தின் விலைப்புள்ளியை மேலே இழுத்ததற்கு இப்பழக்கமும் ஒரு காரணம். 1943-இல் அரிசி அட்டையோடு வரிசையில் நின்றோர் வீட்டில் தேங்காய் எண்ணெய் கொல்லையிலிருந்தே வந்திருக்கும். 2025 ஓணத்தின்போது சப்ளைகோ அங்காடிகளில் குடும்ப அட்டையைக் காட்டி, அரசு விலை குறைத்து விற்ற பண்டங்களைப் பெற வரிசை நின்றது. அப்பண்டங்களுள் அரிசியோடு தேங்காய் எண்ணெயும் இருந்தது.