இரண்டு கிம்களும் ஒரு நாற்காலியும்

2025 மே மாதம் ஒருநாள், ஆபீஸில் என் பக்கத்து சீட் கொரியாக்காரர் மதியமே கிளம்பிவிட்டார். டெல்லியில் அவர்கள் தூதரகத்துக்குப் போய் ஓட்டுப் போடணுமாம். வெளிநாட்டில் வசிக்கும் கொரியர்களுக்கு 2012-லிருந்து இந்த வசதி இருக்கிறது. மறுநாள் டீ குடிக்கும்போது, "இந்த வெயிலில் இவ்வளவு அலைச்சல் எதுக்கு?" என்று கேட்டேன். "1987" என்றார். அவ்வளவுதான்!

அதென்ன 1987? சுருக்கமாகச் சொல்கிறேன்.

1972-ல் பார்க் சுங்-ஹீ அரசியல் சட்டத்தையே மாற்றி, ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பறித்தார். 1979-ல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபின் ஆட்சியைப் பிடித்த சுன் டூ-ஹ்வானும் ராணுவ ஜெனரல்தான். 1987 ஜனவரியில் பார்க் ஜோங்-சோல் என்ற கல்லூரி மாணவர் போலீஸ் சித்திரவதையில் இறந்தார். ஜூனில் ஊரே தெருவுக்கு வந்தது. ஜூன் 29 அன்று ஆளுங்கட்சி வேட்பாளர் ரோ டே-வூ நேரடித் தேர்தலுக்குச் சம்மதித்தார்.

ஜெயித்தாச்சு என்று எதிர்க்கட்சிக்காரர்கள் நினைத்தார்கள். ஆனால் அங்கே தலைவர்கள் இரண்டு பேர். புசான் பக்கத்து கிம் யங்-சாம், ஜொல்லா பக்கத்து கிம் டே-ஜுங். யார் நிற்பது? யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கிம் டே-ஜுங் தனிக்கட்சி கண்டார்.

டிசம்பர் 16 தேர்தலில் 89 சதவீத ஓட்டுப் பதிவு. ரோவுக்கு 36.6, கிம் யங்-சாமுக்கு 28, கிம் டே-ஜுங்குக்கு 27 சதவீதம். இரண்டு கிம்களையும் கூட்டினால் 55! இரண்டாம் சுற்று கிடையாது (இன்றும் கிடையாது). சுன்னோடு சேர்ந்து 1979-ல் ராணுவப் புரட்சி செய்த ரோ, மக்கள் ஓட்டாலேயே ஜனாதிபதி ஆனார்.

கூத்து அதோடு முடியவில்லை. 1990-ல் கிம் யங்-சாம் தன் கட்சியை ரோவின் கட்சியோடே இணைத்து, 1992 ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். 1997-ல் கிம் டே-ஜுங் கைகோத்தது யாரோடு தெரியுமா? உளவுத்துறையைத் தொடங்கிய கிம் ஜோங்-பில்லோடு. 1973-ல் கிம் டே-ஜுங்கை டோக்கியோவில் கடத்தியதே அந்த உளவுத்துறைதான்! அந்தக் கூட்டணியில் 40.3 சதவீதம் வாங்கி ஜெயித்தார். ஆக, இருவருமே நாற்காலியில் உட்கார்ந்தார்கள். பத்து வருஷம் முன்னால் ஒருத்தர் பொறுத்திருந்தால்?

நண்பரின் அப்பா ஜொல்லாக்காரர், அம்மா புசான். 1987-ல் ஆளுக்கொரு கிம்முக்குப் போட்டார்களாம். "உங்க ஆளு விலகியிருந்தா..." என்ற சண்டை வீட்டில் இன்னும் ஓயவில்லையாம். "ஆனா ரெண்டு பேருமே ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை" என்றார். 2024 டிசம்பர் 3 ராத்திரி ராணுவச் சட்டம் என்று அறிவிப்பு வந்ததும் அவர் அப்பா தூங்கவே இல்லையாம். சில மணி நேரத்தில் நாடாளுமன்றம் அதை முறியடித்தது. அறிவித்த யூன் சுக்-யோல் 2025 ஏப்ரலில் பதவி இழந்தார். அதனால் வந்ததுதான் இந்த ஜூன் 3 தேர்தல்.

"நீங்க கடைசியா எப்போ ஓட்டுப் போட்டீங்க?" என்று அவர் கேட்டதும் எனக்கு டீ இறங்கவில்லை. என் பெயர் இன்னும் திருநெல்வேலி பட்டியலில்தான் இருக்கிறது. 2024 ஏப்ரல் 19-க்கு ஊருக்கு டிக்கெட்டே போடவில்லை. இங்கே குர்கானுக்கு மாற்றிக்கொண்டிருக்கலாம், அதையும் செய்யவில்லை. ஊரோடு இருக்கும் கடைசிக் கயிறும் அறுந்துவிடுமோ என்று ஒரு தயக்கம். விளைவு, இரண்டு இடத்திலும் ஓட்டில்லை.

உங்கள் வீட்டில் எப்படி? உங்கள் ஓட்டு எந்த ஊரில் இருக்கிறது?