லிஸ்பன்: எரிந்த தாள்களும் எஞ்சிய தாள்களும்

பழைய துறைமுக நகரங்களின் தெருக்கள் பெரும்பாலும் யாரும் வரைந்தவை அல்ல. மீன் கூடையும் தண்ணீர்க் குடமும் சுமந்தவர்கள் நடந்து நடந்து உண்டாக்கிய வழிகள் அவை. தேஜோ ஆறு அட்லாண்டிக்கில் கலக்கும் கழிமுகத்தில் அமைந்த லிஸ்பனிலும் அத்தகைய தெருக்கள் உண்டு. கிழக்குக் குன்றின் சரிவில் உள்ள அல்ஃபாமாவில் சந்துகள் வளைந்து, படிகளாக மாறி, சில வேளை ஒரு வீட்டு வாசலிலேயே முடிந்துவிடுகின்றன. ஆனால் குன்றிலிருந்து இறங்கி, பைஷா எனப்படும் நடுநகருக்கு வந்தால் காட்சி மாறிவிடுகிறது. நூல் பிடித்தாற்போன்ற நேர்த் தெருக்கள், ஒரே உயரத்தில், ஒரே முகத்தோடு நிற்கும் கட்டடங்கள். தெருப்பெயர்களிலும் அதே ஒழுங்கு: பொன் தெரு, வெள்ளித் தெரு, செருப்புத் தைப்போர் தெரு, துணி வணிகர் தெரு.

ஒரே நகருக்குள் இருக்கும் இந்த முரணுக்குக் காரணம் ஒரு நாள்: 1755 நவம்பர் 1.

அலுவல் நிமித்தம் தனியே ஓர் ஊருக்குச் செல்பவருக்கு மிஞ்சுபவை மாலை வேளைகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்தான். லிஸ்பனில் அவற்றை நாம் அந்த ஒரு நாளின் தடயங்களைத் தேடுவதில் செலவிட்டோம். மஞ்சள் டிராமும் ஃபாதோ இசையும் வேண்டாதவை என்பதல்ல. நடக்க நடக்க ஒரு கேள்வி நம்மை விடாமல் தொடர்ந்தது: ஒரு நகரம் தன் நினைவை எவ்வாறு இழக்கிறது, எதை மீட்கிறது, எதைப் பேசாமலே விட்டுவிடுகிறது?

அன்று கத்தோலிக்கர்களின் அனைத்துப் புனிதர் திருநாள். காலை சுமார் 9.40 மணிக்கு நிலம் அதிர்ந்தபோது தேவாலயங்கள் நிறைந்திருந்தன; பீடங்களில் மெழுகுவத்திகள் எரிந்துகொண்டிருந்தன. இடிபாடுகளுக்குத் தப்பிய பலர் திறந்த வெளியைத் தேடி ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். நீர் உள்வாங்கியது, பின் பேரலையாகத் திரும்பி வந்தது. 2004க்குப் பிறகு தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சரிந்த வீடுகளில் பற்றிய தீ நாட்கணக்கில் எரிந்தது. மாண்டோர் தொகையில் ஆய்வாளர்களிடையே உடன்பாடில்லை. பல பத்தாயிரம் என்பதே பரவலான மதிப்பீடு.

ஆற்றங்கரையில் இருந்த அரண்மனையோடு சுமார் 70,000 நூல்கள் கொண்ட அரச நூலகமும் அழிந்தது. அதே ஆண்டு மார்ச் மாத இறுதியில் திறக்கப்பட்ட ஓப்பரா அரங்கம் ஏழு மாதங்கள்தாம் வாழ்ந்தது. அரண்மனையை ஒட்டியிருந்த 'காசா த இந்தியா' என்ற அலுவலகமும் பேரழிவுக்குத் தப்பவில்லை. கீழைக் கடல் வணிகத்தை ஆண்ட அலுவலகம் அது. எந்தக் கப்பல் எப்போது புறப்பட்டது, எவ்வளவு மிளகு வந்தது, யார் எங்கே அதிகாரியாக அனுப்பப்பட்டார் என்பன போன்ற இரண்டரை நூற்றாண்டுக் கணக்குகள் அங்கிருந்தன. அவற்றில் பெரும்பகுதி போய்விட்டது. ஆக, லிஸ்பனில் எரிந்தது போர்ச்சுகலின் வரலாறு மட்டுமன்று. கோழிக்கோடு, கொச்சி, முத்துக்குளித்துறை ஆகிய கரைகளின் வரலாற்றிலும் ஒரு பகுதி அந்தத் தீயில் கரைந்தது.

இனி நாம் சொல்ல விரும்பும் மனிதருக்கு வருவோம். அவர் பெயர் மனுவேல் த மாயா. லிஸ்பனின் நடுவில் உள்ள சதுக்கத்தில் குதிரைமீது அமர்ந்திருப்பவர் முதலாம் ஜோசே மன்னர். அகன்ற சாலையின் முனையில் உயர்ந்த தூண்மீது சிங்கத்தோடு நிற்பவர் அமைச்சர் பொம்பால். பயணிகள் நினைவில் தங்குபவர்கள் இவ்விருவர்தாம். மாயா, 1677இல் பிறந்த இராணுவப் பொறியாளர். பூகம்பத்தின்போது அவருக்கு வயது எழுபத்தெட்டு. இரண்டு பதவிகள் அவரிடம் இருந்தன: நாட்டின் தலைமைப் பொறியாளர், அரசு ஆவணக் காப்பகத்தின் தலைமைக் காவலர்.

அந்தக் காப்பகம் கோட்டையின் ஒரு கோபுரத்தில் இருந்தது. ஆகவே அதற்கு 'தோர்ரே தோ தோம்போ', அதாவது பதிவேடுகளின் கோபுரம், என்று பெயர். கோபுரம் இடிந்து விழுந்தது. முதியவரான மாயா அந்த இடிபாடுகளிலிருந்து தாள்களை மீட்டெடுக்கச் செய்தார். கோட்டை வெளியில் தற்காலிகக் கொட்டகை எழுப்பி அவற்றை அடுக்கினார். 1757இல் அவை ஒரு மடாலயத்திற்கு மாற்றப்பட்டன. தீ அந்தக் குன்றை எட்டாதது நல்லூழ். ஆனால் மழைக்கும் கள்வருக்கும் முன்பாக அத்தாள்களைத் திரட்டியதை நல்லூழ் என்று சொல்லிவிட முடியாது.

அதே மனிதர் டிசம்பர் 4ஆம் நாளிலேயே நகரை மீளக் கட்டுவது பற்றிய தம் அறிக்கையின் முதற்பகுதியை அளித்தார். அதில் ஐந்து வழிகளை முன்வைத்தார்: பழையபடியே கட்டலாம், தெருக்களை அகலப்படுத்திக் கட்டலாம், அத்துடன் கட்டடங்களின் உயரத்தையும் குறைக்கலாம், நடுநகரை முற்றிலும் இடித்துப் புதிதாய் வகுக்கலாம், அல்லது பாழ்பட்ட ஊரை விட்டுவிட்டு மேற்கே பெலெமை ஒட்டிப் புதிய நகரம் எழுப்பலாம். நான்காவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. எவுஜேனியோ தோஸ் சாந்தோஸ், கார்லோஸ் மார்தேல் என்ற பொறியாளர்கள் அதற்கு உருவம் தந்தார்கள். சுவர்களுக்குள்ளே கூண்டு போன்ற மரச்சட்டகம் வைத்துக் கட்டும் முறை பரவலாகக் கையாளப்பட்டது. நிலம் அதிர்ந்தால் கல் உதிர்ந்தாலும் சட்டகம் தாங்கும். நிலநடுக்கத்தை மனத்தில் கொண்டு ஒரு நகரையே கட்டிய தொடக்ககால முயற்சிகளில் இதற்குத் தனியிடம் உண்டு.

பொம்பாலின் ஆட்சி இன்னொன்றும் செய்தது. நாடெங்கும் பங்குத் தந்தையருக்கு ஒரு கேள்விப்பட்டியல் போயிற்று. அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தது. வந்து சேர்ந்த விடைகள் இன்றைய நிலநடுக்க ஆய்வாளர்களுக்கும் பயன்படுகின்றன. மறுபுறம், இது பாவத்திற்குக் கிடைத்த தண்டனையே என்று மலக்ரிதா என்ற இயேசு சபைத் துறவி 1756இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பொம்பாலின் பகைக்கு ஆளான அவர், 1761இல் ரோசியோ சதுக்கத்தில் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டு எரிக்கப்பட்டார். அறிவின் பக்கம் நின்ற ஆட்சியின் கை எழுபது வயதைக் கடந்த ஒரு கைதியைக் கொல்லத் தயங்கவில்லை. பொம்பாலைப் போற்றுவோர் இப்பக்கத்தையும் படிக்க வேண்டும்.

ரோசியோவில் சற்று நின்றால் வேறு சில மௌனங்களும் புலப்படுகின்றன. சதுக்கத்தின் வடபுறம் உள்ள தேசிய நாடக அரங்கம் நிற்பது, முன்பு மத விசாரணை மன்றத்தின் மாளிகை இருந்த நிலத்தில். பக்கத்திலேயே சாவோ தொமிங்கோஸ் தேவாலயம். பூகம்பத்தில் பெரிதும் சிதைந்து மீளக் கட்டப்பட்ட அதன் உட்புறம் 1959இல் தீக்கிரையானது. கருகி வெடித்த தூண்களை முழுதும் மறைக்காமலேயே மீண்டும் திறந்திருக்கிறார்கள். இங்குதான் 1506 ஏப்ரலில், வலிந்து மதம் மாற்றப்பட்டிருந்த யூதர்களுக்கு எதிரான படுகொலை தொடங்கியது. மூன்று நாட்களில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவர்களுக்கான நினைவுக்கல் அந்த வாசலருகே வைக்கப்பட்டது 2008இல். பூகம்பத்தின் இடிபாடுகளை அகற்றிச் சில பத்தாண்டுகளில் நகரம் எழுந்துவிட்டது. இந்த ஒரு கல்லை நடுவதற்கு ஐந்து நூற்றாண்டுகள் ஆயின. நகரின் மேற்கே ஒரு தெருவுக்கு 'கறுப்பர்களின் குழி' என்று பொருள்படும் பெயர் உண்டு. இறந்த அடிமைகளின் உடல்களைப் போட ஒரு குழி வெட்டுமாறு 1515இல் அரசர் இட்ட ஆணையோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவார்கள்.

தமிழருக்கும் இந்நகரில் ஒரு தாள் உண்டு. 1554 பிப்ரவரியில், மன்னர் மூன்றாம் ஜோவானின் ஆணைப்படி லிஸ்பனில் ஒரு சிறு கத்தோலிக்க மறைநூல் அச்சேறியது. மொழி தமிழ், எழுத்து ரோமன். முத்துக்குளித்துறைக் கரையில் மறைப்பணி செய்வோருக்காக ஆக்கப்பட்ட அதுவே தமிழில் அச்சான நூல்களுள் நமக்குத் தெரிந்தவற்றில் முதலாவது. கொல்லத்தில் தமிழ் எழுத்துகளால் 'தம்பிரான் வணக்கம்' அச்சாவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முந்தையது. அதை ஆக்கிய மூவரின் பெயர்களாக வின்சென்ட் நாசரேத், ஜோர்ஜ் கார்வாலியோ, தோமா த குரூஸ் என்ற ஞானஸ்நானப் பெயர்களே நமக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. பெலெமில் உள்ள அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கும் பிரதியைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் தனிநாயகம் அடிகள்.

மாயா மீட்ட தாள்களைக் காலவரிசையில் அடுக்கியதிலிருந்து உருவானதுதான் 80,000க்கும் மேற்பட்ட ஆவணங்கள் கொண்ட தொகுப்பு. 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் அது இடம்பெற்றது. கீழைக் கரைகளிலிருந்து எழுதப்பட்ட கடிதங்கள் அதில் ஏராளம். காசா த இந்தியாவின் கணக்குகள் அழிந்த பின்னும் பதினாறாம் நூற்றாண்டுத் தமிழ்க் கடற்கரையைப் பற்றி ஓரளவேனும் எழுத முடிகிறது என்றால், அதற்கு அந்தக் கிழவரின் பிடிவாதமும் ஒரு காரணம்.

காப்பகம் 1990 முதல் பல்கலைக்கழக வளாகத்தருகே கனத்த புதிய கட்டடத்தில் இயங்குகிறது. அங்கே கோபுரம் ஏதுமில்லை. ஆனால் பெயர் இன்றும் 'தோர்ரே தோ தோம்போ' தான். நகரைக் கட்டியெழுப்ப வேண்டிய பொறியாளர் அதற்கு முன் தாள்களைப் பொறுக்கியது ஏன் என்று யாரேனும் கேட்டால், நாம் காட்டக்கூடிய விடை அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னே அடுக்கடுக்காக இருக்கிறது.